போன் கவருக்குள் ஓர் அட்டை

எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடும் மெஷினில் ஆளுக்கொரு அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டால்தான் அன்றைய எடை நம் பெயரில் ஏறும். மழையில் இரண்டு முறை தொலைத்த பிறகு, நான் அட்டையைப் போன் கவருக்குள் செருகிவிட்டேன். அப்புறம் போனைக் காட்டினாலே மெஷின் கீச்சென்றது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் ரகசியத்தைச் சொல்லவேயில்லை. அப்படி ஒரு ஜம்பம் எனக்கு.

கோயமுத்தூரில் வேலை கிடைத்ததிலிருந்து மகள் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். வந்தாலும் என்னைப் பர்ஸைத் திறக்க விடுவதில்லை. டீ, வர்க்கி, பஸ் டிக்கெட், எல்லாவற்றுக்கும் அவள் போன்தான் முந்தும். பெருமைதான், ஆனால் எரிச்சலும் வரும். பெற்றவள் ஒன்றாவது வாங்கித்தரக் கூடாதா? போன மாதம் வந்தவளைக் குன்னூரில் ஒரு ஸ்வெட்டர் கடைக்கு இழுத்துப் போனேன். நீல ஸ்வெட்டர் ஒன்றை அங்கேயே மாட்டிக்கொண்டாள். இதற்கு நான்தான் கொடுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். போனைத் தொட்டுப் பணம் கொடுக்கும் வித்தையைப் பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணிடம் கற்றே வந்திருந்தேன்.

கடை மெஷினில் போனை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பி வைத்தேன், அழுத்தி வைத்தேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனை நீட்ட, நான் மெஷினைக் கையால் மூடிக்கொண்டேன். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடைப் பெண் கேட்டாள்: "ஏனுங்கக்கா, கவருக்குள்ள வேற ஏதாச்சும் கார்டு வெச்சிருக்கீங்களா?"

ஊரையே ஏமாற்றியதில் எனக்கே மறந்துபோயிருந்தது. அட்டையை உருவி மகள் கையில் திணித்தேன். இந்த முறை வைத்த மாத்திரத்தில் மெஷின் கீச்சென்றது. கடைக்கே கேட்கும்படி சிரித்தேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை எடை மெஷினில் வழக்கம்போல் தோரணையாகப் போனைக் காட்டினேன். சத்தமே இல்லை. வரிசை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் எடையை நோட்டில் எழுதிக்கொண்டு, சீக்கிரம் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். மகளுக்குப் போன் செய்தேன். அட்டை ஸ்வெட்டர் பாக்கெட்டிலேயே இருக்கிறதாம். நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடட்டுமா என்று கேட்டாள்.

"கூரியர்ல போட்டா தொலைஞ்சு போயிரும் சாமி," என்றேன். "அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு நீயே கொண்டு வா."