பார்ட்ஸ் கவுண்டர் ஸ்டெல்லா அக்கா

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது காதர் பாய் அழைத்தார். எங்கள் பழைய கார்களைப் பார்க்கும் மெக்கானிக் அவர். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவரின் குரல் அன்று அடங்கியிருந்தது. “ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே. பிடோக்ல அவங்க அடுக்குமாடி புளோக் கீழதான் உடம்ப வச்சிருக்காங்க.” மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார். அதை எப்போது வாங்கினேன் என்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்தது. மனைவி உமாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நம் கார் குழுவில் பழையவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவைத் தாண்டி ஜாலான் புசார் பக்கம் இருக்கும் ஓர் உதிரிபாகக் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் ஸ்டெல்லா அக்கா. ஆண்டில் சில நாள்கள் மட்டுமே ஓட்ட அனுமதியுள்ள நம் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு எந்தச் சாமான் சேரும், எது சேராது என்று கேட்க வேறு ஆள் இல்லாமல் நாமெல்லாம் அவரிடம்தான் போய் நின்றோம். காரின் வருடத்தைச் சொன்னால் அவருக்குப் போதாது. “வருஷம் சொல்லாதீங்க தம்பி, சேசிஸ் நம்பர் சொல்லுங்க. ஒரே வருஷத்துல ரெண்டு சைஸ் போட்டிருக்கான்” என்பார்.

ஒருமுறை நான் கார்புரேட்டர் கேட்டுப் போனேன். கார் மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுவதுபோல் நின்று நின்று போனது. அவர் எதையும் எடுக்கவில்லை. நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, டியூப் எப்போது மாற்றியது என்று கேட்டுக்கொண்டே போனார். “கார்புரேட்டர் நல்லாத்தான் இருக்கும். பெட்ரோல் டியூப் உள்ளுக்குள்ள ஒட்டிக்குது. அதை மாத்திட்டு ஓட்டிப் பாருங்க. சரியா வரலன்னா வாங்க, அப்ப விக்கிறேன்” என்று சிரித்தார். அந்தக் காலத்தில் நன்றாகச் சிரிப்பார்.

அடுத்துச் சொல்லப்போவதை எழுதலாமா என்று உமாவிடம் கேட்டேன். “எழுதுங்க. அவங்க மறைக்கல, நீங்க ஏன் மறைக்கணும்?” என்றாள்.

ஒரு சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். பின்சக்கர பிரேக்குக்கு ரப்பர் சீல் வேண்டும் என்றேன். அக்கா என்னைப் பார்த்ததும் தலையசைத்து, பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். அன்று மட்டும் நம்பர் கேட்கவில்லை. காதர் பாய் அதை மாட்டினார். சில வாரங்கள் கழித்து, உமாவோடு புக்கிட் பாத்தோக்கில் ஓர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் புல்மேட்டுப் பக்கம் திருப்பினேன். இடப்பக்கம் மரத்தில் மோதி நின்றோம். எனக்குச் சிராய்ப்புதான். கதவு உள்ளே நசுங்கியதில் உமாவின் இடக்கை மாட்டிக்கொண்டது. அவளுக்கு இடக்கைப் பழக்கம். அந்தக் கையால்தான் வீட்டிலிருந்தபடி அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

எல்லாரும் காதர் பாயைத்தான் குற்றம் சொன்னார்கள். “நான் சரியாத்தான் மாட்டினேன் சார்” என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மில் பலர் அவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

விஷயம் காதில் விழுந்ததும் ஸ்டெல்லா அக்கா காதர் பாயின் வொர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறார். கழற்றி வைத்திருந்த சீலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னார்:

“நான் குடுத்த சீல் உங்க காருக்கானது இல்ல. கொஞ்சம் சின்னது. அதனாலதான் ஆயில் கசிஞ்சிருக்கு. காதர் மேல தப்பு இல்ல. என் மேலதான்.”

“எல்லார்கிட்டயும் நம்பர் கேப்பீங்களே அக்கா? என்கிட்ட ஏன் கேக்கல?” என்றேன்.

“உங்க கார் எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

கூட்டத்தைக் காரணம் சொல்லியிருக்கலாம், உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். அவர் சாக்குத் தேடவில்லை. உமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீங்க போங்கக்கா” என்றேன். அவர் போய்விட்டார்.

அன்று மாலையே நம் குழுவிலும் தன் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று கடை முதலாளி முன்பே சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது. முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து எடுத்து மாடி ஸ்டோரில் பெட்டி அடுக்கப் போட்டார். கவுண்டருக்கு வந்த புதியவர் கம்ப்யூட்டரைத் தட்டி, “எல்லாம் ஒரே சாமான்தான் லா” என்று சொல்லிப் பெட்டியை நீட்டுவார். வீட்டுக்கு வந்தால் பொருந்தாது. பலருடைய கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன.

அந்தக் கடைக்குப் போய் முதலில் பேசியவர் காதர் பாய். “அந்தம்மா சொல்லலன்னா நான் தொழிலையே விட்டுருப்பேன் முதலாளி. அவங்க கீழ வந்து நிக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்க வாங்கல” என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா கவுண்டருக்குத் திரும்பினார். ஆனால் பழைய ஆளாகத் திரும்பவில்லை. கழற்றிய சாமானைக் கண்ணால் பார்க்காமல் புதியதைக் கொடுக்க மாட்டார். நம்பரைப் படித்துவிட்டு மறுபடியும் படிப்பார். பெட்டியை நீட்டும் கை ஒரு கணம் தயங்கி நிற்கும். சிரிப்பு போய்விட்டது.

குவீன்ஸ்டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்தது உமாதான். நான் வேண்டாம் என்றேன். “அவங்க சொல்லலன்னா காதர் பாயைத் திட்டிக்கிட்டே இருந்திருப்போம். கூப்பிடுங்க” என்றாள். அதன்பின் சர்ச் முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். வந்ததும் முதல் கேள்வி, “விரல் மடங்குதாம்மா?” இல்லை என்றால் நேரே அடுக்களைக்குப் போய்விடுவார். உமாவுக்கு முடியாத வேலைகளை, வெண்டைக்காய் நறுக்குவதை, தலை பின்னுவதை, ஒன்றொன்றாகச் செய்துகொடுப்பார். ஒருநாள் உமா சொன்னாள்: “அக்கா, இனிமே மடங்காது. டாக்டரே சொல்லிட்டாரு. கேக்காதீங்க. வந்து உக்காருங்க, டீ ஆறுது.” அதன்பிறகு அவர் கேட்கவில்லை. உமா வலக்கையால் தடுமாறித் தேநீர் ஊற்றும்போது மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். அவரைத் தேற்ற எங்களுக்கு வழி தெரியவில்லை. தேற்றுவதை அவர் விரும்பியதாகவும் தோன்றவில்லை.

செய்தி வந்த அன்று நாங்கள் போனபோது, பிடோக்கில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் கிடத்தப்பட்டிருந்தார். காதர் பாய் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் தங்கை உமாவின் மடங்காத கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதானா அந்தக் கை?” என்று கேட்டு அழுதார். உமாவும் அழுதாள். ஜெபம் முடியும்வரை இருவரும் பிடித்த கையை விடவில்லை.

போன வாரம் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எனக்கு அழைத்தார். அக்காவிடம் நெடுநாள் போய்வந்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய காரும் என்னுடைய மாடலேதான். கிளட்ச் சாமான் ஒன்றின் படத்தை அனுப்பி, “இது சேருமா அண்ணே? ஞாயித்துக்கிழமை ஃபேமிலியோட எடுக்கணும்” என்றார். பார்த்தால் என் காரில் உள்ளது போலவே இருந்தது. சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்குத் தெரியாது தம்பி. தெரியிறவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க” என்றேன்.

“அப்ப யார்கிட்ட கேக்கிறது?”

“அதுவும் தெரியாது” என்றேன். அவர் சலித்துக்கொண்டே போனை வைத்தார். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, தெரியாது என்று சொல்லும் இந்த வாய் மட்டும்தான்.