மேசைக்கு அடியிலிருந்து பார்த்த பஞ்சாயத்து

நேற்று ஜோகுபாளையத்தில் ஒரு கடையில் ஸ்டாம்ப் பேடின் மை வாடை அடித்ததும், ஆனேக்கல் பக்கத்து எங்கள் ஊரின் பஞ்சாயத்து ஆபீஸும், கடகடவென்று சுற்றும் அதன் ஃபேனும், ஜன்னலுக்கு வெளியே கோடையில் வெடித்துக் கிடந்த ஏரியும் திரும்பி வந்தன. அம்மா அப்போது பஞ்சாயத்துத் தலைவி. பள்ளி விட்டதும் அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஒரு சாயங்காலம் மூன்று பேர் வந்து கதவைத் தாழிட்டார்கள்.

“ஏரி எங்க மேடம் இருக்கு? வெறும் நிலம்னு தீர்மானம் எழுதி சைன் போடுங்க. பொண்ணு தனியாத்தானே ஸ்கூலுக்குப் போகுது?”

“மழை வந்தா ரொம்பும். போடமாட்டேன்.”

அம்மாவின் குரல் ஆடவில்லை; ஆனால் என் கண்ணெதிரே அவள் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இரண்டையும் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கினேன். ஒருவன் மேசையை ஓங்கிக் குத்தினான். பிறகு போய்விட்டார்கள்.

அவள் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. மறு வருடம் ஊரை நகரத்தோடு சேர்த்து, பஞ்சாயத்தையே கலைத்துவிட்டார்கள். ஏரியில் வீடுகள் எழுந்தன.

அந்த மூன்று பேர் வந்துபோன மறுநாளிலிருந்து அதுவரை தினமும் ஏரிக்கரை வழியே அம்மாவே என்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போனாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் பிடி இறுகும்.

“பயமா இருக்காம்மா?”

“இருக்குடி. நீ நட.”