வடக்கு நோக்கி எட்டுப் பேர்

எங்கள் வீட்டில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. "அடுப்புக்கு மேக்க இருக்க சட்டிய எடு" என்பார் அம்மா. பந்தியில் இடம் போதாவிட்டால், "செத்த கெழக்கால தள்ளி உக்காரு" என்பார்கள். அப்பா இருந்தபோது ஒருமுறை பல் டாக்டரிடம் போனார். எந்தப் பல் என்று கேட்டதற்கு, "மேல, வடவோரத்துப் பல்லுங்க" என்றார். டாக்டர் நாற்காலியைச் சுழற்றியதும் அது தென்னோரத்துப் பல் ஆகிவிட்டது. அப்பா அதையும் உடனே திருத்திச் சொன்னார். டாக்டர் சிரித்ததாகவும், தனக்குக் காரணம் விளங்கவில்லை என்றும் வீட்டுக்கு வந்து சொன்னார். எங்களுக்கும் விளங்கவில்லை.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே எங்கே நின்றாலும் சிறுமலை தெற்கே தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வடக்கு எது என்று சொல்லிவிடுவோம். இதை ஒரு பழக்கம் என்றே நான் நினைத்ததில்லை. அதனால் ஒரு தீமை வரக்கூடும் என்று தெரிந்துகொண்டது இந்த வருடம்தான்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைப்பது என் வழக்கம். வங்கி எழுத்தர் தேர்வை நான் தொடர்ந்து எழுதி வந்தேன். ஆங்கிலமும் கணக்கும் ஒவ்வொரு முறையும் தேறிவிடும். புதிர்கள் வரும் ரீசனிங் பிரிவில் மட்டும் கட்-ஆஃபுக்குக் கீழே நிற்பேன். ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பது விதி. முதல் முறை முடிவு வந்தபோது அழுதேன். அடுத்த முறை கோபம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பேருந்து என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் பதறுவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். யாராவது வைதால், முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி என்பேன்.

இந்த வருடத்தோடு தேர்வுக்கான என் வயது வரம்பு முடிகிறது. அதைச் சித்திரையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எந்த வரம்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

திண்டுக்கல்லில் நூலகத்தின் வாசிப்பறையில் படித்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலையில் முதல் பேருந்தில் போய் ஒரே இருக்கையைப் பிடிப்பேன். அந்த இருக்கை வடக்குப் பார்த்தது. காலை வெயில் என் கிழக்குத் தோளில் விழும், மேற்கு ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை தெரியும். நாவல் அலமாரி ஒன்று அருகிலேயே இருந்தது. ஒரு காலத்தில் அதில் பாதிக்கு மேல் படித்தவள் நான். இந்த வருடம் அதன் பக்கம் திரும்பவில்லை. காலை முதல் மாலை வரை எட்டுப் பேரை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

ரீசனிங் படித்தவர்களுக்கு அந்த எட்டுப் பேரைத் தெரியும். எல்லோரும் வடக்கு நோக்கி அமர்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வலதுபுறம் மூன்றாவதாக இன்னொருவர், அவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவே இருவர் என்று துண்டு துண்டாகச் செய்தி வரும். யார் எங்கே என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் புதிருக்குப் பசில் என்று பெயர். சில நாள் பாதிப் பேர் தெற்கே திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு புத்தகமும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அது எனக்கு உறுத்தியது. ஆடி மாதத்துக்குள் உறுத்தல் போய்விட்டது.

வாசிப்பறையில் எனக்குக் கிடைத்த ஒரே துணை அய்யலூர்க்காரி ஒருத்தி. என்னைவிட வயதில் சிறியவள், கல்யாணமானவள். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை. அன்று மட்டும் பேருந்தில் ஆட்டுக்காரர்களுக்கு நடுவே நின்றுகொண்டே வந்து, துப்பட்டாவை உதறிவிட்டு உட்காருவாள். "இன்னைக்கு ஒரு கெடா என் அட்மிட் கார்டத் தின்னிருக்கும்க்கா, கொஞ்சத்துல தப்பிச்சேன்" என்பாள். அவளுக்கு ஒவ்வொன்றும் வேடிக்கை. என் பக்கத்தில் அவளால் எப்படி உட்கார முடிந்ததோ.

ஞாயிறுதோறும் இருவரும் ஒரு பயிற்சி மையத்தில் மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வு எழுதுவோம். வாசிப்பறையில் தாளில் போட்ட பசில்கள் எனக்குச் சரியாக வரும். அதே மாதிரிப் பசில்கள் ஞாயிறன்று கணினியில் தப்பாகும். அங்கிருந்த ஆசிரியர் பதற்றம் என்றார். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். எனக்கு மூச்சு சீராகத்தான் இருந்தது.

ஆவணியின் முதல் ஞாயிறு, டெஸ்ட் முடிந்து கீழே டீக்கடையில் நின்றோம். அவள் கேட்டாள்.

"அக்கா, எதுக்கு டெஸ்டுல முதுகுக்குப் பின்னாடியே பாத்துக்கிட்டு இருக்கீக?"

"நானா? எப்ப?"

"எப்பவா? ஒவ்வொரு பசிலுக்கும். ஒங்களுக்குப் பின்னாடி உக்காந்திருக்க மீசைக்காரரு, இந்தப் புள்ளைக்கு நம்ம மேல ஒரு இதுன்னு சட்டைய எல்லாம் இழுத்து விட்டுக்கிட்டாரு."

"வடக்குப் பாத்தேன்."

"வடக்கா?"

"எட்டுப் பேரும் வடக்குப் பாத்து உக்காந்திருக்காகன்னு போட்டிருக்குல்ல. வடக்கு எனக்குப் பின்னாடி இருந்துச்சு."

"ஸ்கிரீன்ல மேல இருக்கதுதானக்கா வடக்கு?"

"அது மேல. வடக்கு பின்னாடில்ல."

அவள் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆத்தாடி! இம்புட்டு நாளும் எட்டுப் பேரையும் தூக்கித் தூக்கித் திருப்பி வச்சுக்கிட்டா இருந்தீக? எனக்கு எழுதவே நேரம் பத்தல, நீங்க ஆளச் சொமந்திருக்கீகளே!"

அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தாளின் மேற்பக்கம் வடக்கு. எனக்கு வடக்கு என்பது வடக்கில் இருந்தது. வாசிப்பறையில் இரண்டும் ஒரே பக்கம், அதனால் வம்பில்லை. மையத்திலோ கணினி முன் எல்லோரும் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். முந்தைய வருடங்களில் தேர்வு எழுதிய அறைகளை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வடக்குப் பார்த்ததில்லை. எல்லாமே நினைவில் இருந்தன. ஒவ்வொன்றையும் அவளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் படித்தேன். தெற்கே பார்த்து உட்கார்ந்த அன்று அம்மா வந்து நின்றார்.

"கெழக்கப் பாத்து உக்காந்து படி. தெக்கப் பாத்துப் படிச்சா படிச்சது நிக்குமா?"

அண்ணன் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "விடுங்கத்த. சாமி வந்த மாதிரி நாலு பக்கமும் சுத்தட்டும். எந்தத் தெசையிலயாவது ஒரு வேலை கெடக்கும்."

"சரி மதினி" என்றேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில், உண்மையான வடக்கு எங்கே என்று பார்த்துக்கொள்வேன். அது அங்கே இருக்கட்டும், இந்தத் தாளுக்கு மட்டும் வடக்கு மேலே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சொன்ன பிறகு எட்டுப் பேரும் வம்பு பண்ணாமல் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் மதிப்பெண் ஏறியது. மையத்து ஆசிரியர் மூச்சுப் பயிற்சியின் பலன் என்றார். அய்யலூர்க்காரி என் தோளில் ஓர் அடி போட்டு, "இந்தத் தடவ அடிச்சிருவீகக்கா" என்றாள். அடித்துவிடுவேன் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் இருந்த ஓட்டை எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

தேர்வு புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. வாசலில் வாட்ச், வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். கைரேகை வைத்து, படம் எடுத்து, மாடிக்கு அனுப்பினார்கள். படிக்கட்டு மடங்கி மடங்கி ஏறியது. நடைபாதையில் வளைந்து, ஒரு மேசையைச் சுற்றி, ஏசி போட்ட கணினி அறைக்குள் போனேன். ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

முதலில் ஆங்கிலம் வந்தது. அது முடிந்து கணக்கு. இரண்டும் நன்றாகப் போயின. வடக்கைப் பற்றி நான் நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. ரீசனிங் தொடங்கி முதல் பசில் திரையில் வந்தது. எட்டுப் பேர், வடக்கு நோக்கி. வழக்கம்போல் முதலில் வடக்கைத் தேடினேன்.

அது இல்லை.

என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், இருட்டிலும் அது இருந்திருக்கிறது. அந்த அறைக்குள் மட்டும் இல்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கலாம் என்று தெரிந்தது. தெரிந்தும், கணக்கெடுக்க ஆரம்பித்தேன். பேருந்து மேற்கே போனது. கல்லூரி வாசல் சாலைக்குத் தெற்கே. உள்ளே நேராக நடந்தோம், ஆகவே தெற்கு. படிக்கட்டு ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு மடிப்பு. நடைபாதையில் திரும்பியது எந்தக் கைப்பக்கம்? மேசையைச் சுற்றியதை முதலில் விட்டுவிட்டேன். திரும்ப வாசலிலிருந்து தொடங்கினேன். எழுதிப் பார்க்கக் கொடுத்திருந்த வெள்ளைத் தாளில் படிக்கட்டை வரைந்தேன். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அது குறைவதை நான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் கிடைத்துவிட்டது. நான் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வடக்கு என் வலது கைப்பக்கம். அதன் பிறகு வேகமாகவே போட்டேன். ஆனால் இரண்டு பெரிய பசில்களைத் திறக்கவே இல்லை. திரை தானாக மூடிக்கொண்டது.

வெளியே நடைபாதையின் கோடியில் திறந்த ஜன்னல் ஒன்று இருந்தது. சாயங்கால வெயில், அறைக்குள் நான் பார்த்து உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. நான் கணித்தது சரி.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அய்யலூர்க்காரி தேறியிருந்தாள், அடுத்த கட்டமான மெயின்ஸ் எழுதலாம். அவள்தான் முதலில் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்களுது?"

"ரீசனிங் போச்சு."

"எம்புட்டுல?"

"ஒரு பசிலு."

"அத எதுக்குக்கா விட்டீக? நல்லாத்தான போட்டுக்கிட்டு இருந்தீக?"

அறையையும் கறுப்புத் தாளையும் படிக்கட்டையும் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பின்னால் அவள் குழந்தை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. "புள்ளையப் பாரு, மெயின்ஸுக்கு நல்லாப் படி" என்று சொல்லி வைத்தேன்.

அம்மா பின்கட்டில் பூப்பறித்த கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

"வரலயா?"

"வரல."

"அடுத்தது எப்ப?"

"இனிமே எழுத முடியாதும்மா. வயசு தாண்டிருச்சு."

அம்மா கூடையைத் தரையில் வைத்தார். "வயசு தாண்டுச்சுன்னு கலியாணத்துக்குத்தேன் சொல்லுவாக. பரீட்சைக்குமா?"

"ஆமா."

"யாரு வச்சது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவர் கூடையை மறுபடி எடுத்து, ஏற்கெனவே காலியாக இருந்ததை இன்னும் ஒருமுறை தட்டினார்.

"அப்ப நாளைக்கு மொத பஸ்ஸுக்கு எந்திரிக்க வேண்டாம்ல?"

"வேண்டாம்."

"அந்த அலாரத்த எல்லாம் அமத்திப் போடு. வீடே முழிச்சுக்கிருது."

போனைத் திறந்தேன். விடியற்காலைக்கு ஒன்று, நான் அதற்கு எழாவிட்டால் எழுப்ப இன்னொன்று, குளிக்க, பேருந்துக்கு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக. ஒவ்வொன்றாக அணைத்தேன். மதினி சாப்பிடக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன்.