கொடுக்காமல் போன முடி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தாள். செங்கம் ரோட்டுப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வருவதும் போவதும் புதிதில்லை. பெரும்பாலும் கண்ணை மூடி உட்காருவதற்கு வருவார்கள். இவள் படிக்க வந்தவள். பெரிய கோயிலில் ஜனங்கள் என்னென்ன வேண்டிக்கொள்கிறார்கள், எப்படிச் செலுத்துகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டுபோய் அவள் ஊர்க் காலேஜில் கொடுக்க வேண்டும். அதற்குப் பட்டம் உண்டாம்.

"வேண்டிக்கிறது நாங்க, பட்டம் உனக்கா? நல்லாக்கீதும்மா உங்க ஊரு ஞாயம்," என்பார் என் வீட்டுக்காரர். மணிலாக்கொட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிறவர். யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவள் என்னை அக்கா என்பாள், அவரை அண்ணா என்பாள்.

"அக்கா வீட்டுக்காரரு மாமாதானே? அண்ணான்னு கூப்பிட்டா நானும் உங்க அக்காவும் கூடப்பொறந்தவங்க ஆயிடுவோம். ஊரு சிரிக்கப்போவுது."

"சிரிக்கட்டும் அண்ணா," என்பாள் அவள்.

எங்களுக்கு ஒரே பெண். ரொம்ப வருஷம் குழந்தையில்லாமல் அண்ணாமலையாரை வேண்டிப் பெற்று, கரும்பில் தொட்டில் கட்டிக் கோயிலைச் சுற்றி வந்து வேண்டின கடனைத் தீர்த்தோம். நாலு வயதில் அவளுக்கு டைபாய்டு வந்தது. பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் குளித்துவிட்டு வரும் நேரமெல்லாம் அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவாள். சாமி புண்ணியத்தில் குழந்தை பிழைத்தது.

அது நடந்து சில மாதத்தில் அவள் படிப்பு முடிந்தது. இங்கே தங்க சர்க்கார் கொடுத்த கெடுவும் முடிந்தது. ஊருக்குப் போக நாலைந்து நாள் இருக்கும்போது, நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கோயில்ல முடி குடுக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பாப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப வேண்டிக்கிட்டேன். பொழைச்சா மொட்டை போட்டுக்கறேன்னு. ஊருக்குப் போற அன்னைக்குக் காலைல குடுத்துட்டு, அப்படியே பஸ் ஏறிடறேன்."

அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் செம்பட்டை முடி. வாரா வாரம் நான் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது. ஊரார் வேண்டுதலையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் தானும் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முதலில் பயம்தான் வந்தது. இதைச் செலுத்தாமல் இவள் கடல் தாண்டிப் போய்விட்டால் என் குழந்தை என்ன ஆகும்? "கட்டாயம் குடுத்துடும்மா," என்றேன்.

மறுநாள் அவள் துணிமணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "உங்கம்மா உன் தலையப் பாத்து பயந்துடப் போறாங்க," என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அங்கே பெரிய சண்டை நடந்த காலத்தில் அவள் அம்மா சின்னப் பெண். ஊரைப் பிடித்திருந்த ஜெர்மன்காரப் படையில் ஒருவனோடு பழகியிருக்கிறாள். படை ஓடினதும் ஊர்க்காரர்களே அவளைக் கடைத்தெருவில் உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க, தலையை மழித்து அனுப்பிவிட்டார்கள்.

"இன்னைக்கு வரைக்கும் அம்மா தன் முடியைத் தானேதான் வெட்டிப்பாங்க. யாரையும் தலையைத் தொட விடமாட்டாங்க. எனக்கு இது எங்க பெரியம்மா சொல்லித்தான் தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி வேண்டிக்கிட்டே?"

"அப்ப பாப்பா மட்டும்தான் ஞாபகம் இருந்திச்சு அக்கா."

அதற்கப்புறம் எனக்கு அதே நினைப்புதான். அங்கே ஏர்போர்ட்டில் ஒரு தாய் வந்து நிற்பாள். மகள் மொட்டைத் தலையோடு இறங்குவாள். இங்கே என் பெண் முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவளையும் வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சுலபமாக வழி சொல்லிவிட்டார். "பொம்பளைங்க பூ முடி குடுக்கறது இல்லியா? மூணு எடத்துல துளி துளி கத்தரிச்சாப் போச்சு. இத எழுதத்தானம்மா ரெண்டு வருஷம் படிச்சே?"

"பூ முடின்னு வேண்டிக்கிட்டவங்களுக்கு அது சரி அண்ணா. நான் முழு முடின்னுதானே சொன்னேன்?"

"சாமி இன்னா கோர்ட்டா, வார்த்தைக்கு வார்த்தை பாக்கறதுக்கு?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப எம்முடிய குடுக்கறேன். எம் பொண்ணுதானே?" என்றேன். இவர் முகம் மாறியது. "கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சே நீ மொட்டை போடுவியா?" என்று எழுந்து போய்விட்டார். அவளும் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னது அவள், கொடுக்க வேண்டியவளும் அவள்தான் என்றாள்.

கிளம்புகிற அன்று காலையில் மூவரும் கோயிலுக்குப் போனோம்: அவள், நான், என் இடுப்பில் குழந்தை. முடி எடுக்கிறவர் முன்னால் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்துவிட்டதும் முடி முதுகெல்லாம் விரிந்தது. அவர் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். "இன்னாம்மா, வெளிநாட்டுப் பொண்ணா? பயப்படாதே, ரத்தம் வராது," என்றார்.

"சித்தி முடிய வெட்டாத!" என்று என் பெண் கத்தியது.

கத்தியை அவர் மடிப்பிலிருந்து விரித்தார். எனக்கு அவள் அம்மாவின் முகம் தெரியாது. போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கடைத்தெருவில் குனிந்த அந்தத் தலைதான் கண்முன்னால் வந்தது.

"மூணு பூ மட்டும் எடுங்க," என்றேன்.

"அக்கா!" என்று திரும்பினாள்.

"எடுங்க நீங்க. இது எங்க வீட்டு வேண்டுதல். நான் சொல்றேன்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வயது ஜாஸ்தி, கழுத்தில் தாலி, கையில் குழந்தை. என் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார். மூன்று இடத்தில் கத்தரித்துத் தட்டில் போட்டார். அவள் எழுந்து, அவிழ்ந்த முடியைத் தானே அள்ளிக் கட்டிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பெட்டியோடு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். மெட்ராஸ் பஸ்ஸில் அதை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"நான் சாமிகிட்ட குடுத்த வார்த்தை அக்கா. அதைக் காப்பாத்த நீங்க விடல."

"உங்கம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கம்மாவை நீங்க பாத்ததே இல்லையே."

"பாக்கணுமா?" என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது கோபத்தாலா, வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கை நீட்டிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். என்னைத் தொடவில்லை. பஸ் போய்விட்டது. மறுபடியும் வருவதாக அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அன்று முழுக்கக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல மலையைப் பார்த்துக் கை கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அவளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன்.