அறுபத்து நான்கு பேருக்குப் பொன்னாடை

காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில் மாடி வீட்டில் குடியிருக்கிற மரியராஜுக்கு வயது நாற்பத்தேழு. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பார். இரண்டு வேலைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தப்பு நடந்தால்தான் அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் மட்டும் அவர் லேசுப்பட்ட ஆளில்லை. அங்கே அவருக்குக் கீழே அறுபத்து நான்கு பேர் வேலை பார்த்தார்கள். வயலின்காரர்கள் மட்டும் இருபத்தாறு பேர். செல்லோ என்கிற பெரிய வயலினுக்கு எட்டு, கொம்புக்கு நான்கு, புல்லாங்குழலுக்கு இரண்டு. சம்பளம் கேட்காத, லீவு எடுக்காத, சங்கம் வைக்காத அத்தனை பேரும் ஒரு கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மண்டபத்தில், நிஜமான கலைஞர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாகவும் பலமாகவும் இழுத்தும் வெட்டியும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து விற்கிறார்கள். அதற்கு சாம்பிள் லைப்ரரி என்று பெயர். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த வெள்ளைக்காரர் காளவாசலில் வயலின் வாசிப்பார்.

அழுத்தினால் மட்டும் போதாது என்பதுதான் மரியராஜின் வாழ்க்கையில் ஏற்பட்ட பெரிய சிக்கல். சும்மா அழுத்தினால், சிக்னலில் மாட்டிக்கொண்ட லாரியின் ஹாரன் மாதிரி ஒரே கனத்தில் ஊதிக்கொண்டிருக்கும். மனுசன் அப்படி வாசிக்க மாட்டான். வில் மேலே போகும்போது ஒரு கனம், கீழே வரும்போது வேறு கனம். ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏற்றமும் இறக்கமும் கோடாக வரைய வேண்டும். மரியராஜ் வரைந்தார். அதிகாலை நாலரைக்கு எழுந்து, டவுன் பஸ்கள் ஓட ஆரம்பிக்கும்வரை வரைந்தார். புல்லாங்குழல்காரர் ஒரே மூச்சில் எம்புட்டு நேரம் தாங்குவார் என்று பார்க்கத் தன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் பிதுங்கும்போது நிறுத்தி, அந்த இடத்தில் புல்லாங்குழலுக்கும் ஓர் இடைவெளி விடுவார். மனைவி பாக்கியமேரி அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். அவளோ இவருக்கு வீசிங் என்று முடிவு கட்டி, ஆவி பிடிக்கத் தைலம் வாங்கி வைத்திருந்தாள்.

இன்னொரு கொடுமை, எல்லோரும் சரியாக ஒரே நேரத்தில் வாசித்தாலும் பொய்யாகத் தெரியுமாம். அதனால் ஒவ்வொருவரையும் இம்மி இம்மியாக முன்னே பின்னே தள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு இந்தக் காரியத்தை எந்த மென்பொருளும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

இப்படி அவர் ரகசியமாக உழைத்துக்கொண்டிருந்த காலத்தில் பள்ளிக்கு நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழா வந்தது. விழாக் குழுவுக்குத் தலைவர் பழைய மாணவர் கண்ணுச்சாமி. சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் பைப் மொத்த வியாபாரம். பத்தாம் வகுப்பில் மூன்று தடவை பள்ளியைவிட்டுப் போக மனமில்லாமல் இருந்தவர் என்பதால் பள்ளியின் மேல் தனிப் பாசம். திருமங்கலத்திலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவைக் கூப்பிடலாம் என்பது அவர் யோசனை. பள்ளித் தாளாளரான பங்குச் சாமிதான், "நம்ம மரியராஜு எதையோ போடுறாராம்ல, கேட்டுட்டு முடிவு பண்ணுவோமே" என்றார்.

மரியராஜ் எட்டு மாதம் உழைத்து எட்டு நிமிட இசை ஒன்றை முடித்து வைத்திருந்தார். அதை விழாக் குழுவுக்குப் போட்டுக் காட்டினார். முடிந்தபோது கண்ணுச்சாமி கையில் இருந்த டீ ஆடை கட்டியிருந்தது.

"ஏப்பா, எம்புட்டுப் பேரு வாசிச்சாக?" என்றார் கண்ணுச்சாமி.

இந்த இடத்தில் 'நான் ஒருத்தன்தான்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எட்டு மாதம் ஒவ்வொரு நாற்காலியாகப் போட்டு ஆளை உட்காரவைத்த மனுசனுக்குக் கணக்கு மறக்குமா? வாய் தானாகத் திறந்தது.

"அறுபத்தி நாலு பேருண்ணே."

"அடேங்கப்பா! அம்புட்டுப் பேரையும் மேடையில ஏத்திருவோம். ஆளுக்கு ஒரு பொன்னாடை. சிம்மக்கல்லுல மொத்தமா எடுத்திருவோம்."

மரியராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் சாமி, "அழைப்பிதழ்ல 'இசை: மரியராஜ்'னு போட்டுருங்க" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளியின் அழைப்பிதழ் அத்தனையையும் டைப் அடித்தவர் அவர்தான். யார் யார் பேரோ அதில் வந்துவிட்டது, பந்தல்காரர் பேர்கூட ஒருமுறை வந்தது. தன் பேர் வந்ததில்லை. அந்த ஒரு வரிக்காக மனுசன் எதை வேண்டுமானாலும் விழுங்குவார், அறுபத்து நான்கு பேரையும் சேர்த்து.

ஒரு வாரம் விழுங்கிப் பார்த்தார். இறங்கவில்லை. சிக்னலில் கண்ணுச்சாமி வைத்த ஃப்ளெக்ஸ் போர்டில் 'அறுபத்து நான்கு இசைக் கலைஞர்கள் பங்கேற்கும்' என்று கொட்டை எழுத்தில் பார்த்த அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

"உள்ளதப் போயிச் சொல்லுங்க. செய்யாதது எதையும் நீங்க சொல்லிக்கலயே, செஞ்சதத்தான அமுக்கி வச்சிருக்கீக?" என்றாள் பாக்கியமேரி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல் கடைக்குப் போனார். பைப் கட்டுகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அறுபத்தி நாலு பேரு?"

"அம்புட்டும் நான்தாண்ணே."

"நீ வயலினு வாசிப்பியா?"

"தொட்டதுகூட இல்லண்ணே. இதுல நான் வரைவேன், அது வாசிக்கும்."

"அப்ப வாசிச்சது கம்ப்யூட்டரு."

மரியராஜ் விளக்கினார். ஏற்ற இறக்கம் இல்லாத வெறும் வயலினை முதலில் போட்டுக் காட்டினார். பிறகு தான் எட்டு மாதம் வரைந்ததைப் போட்டார். கண்ணுச்சாமி இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "மொதல்ல போட்டதுதான் தெளிவா இருக்கு. ரெண்டாவதுல என்னமோ வில்லு உரசுற சத்தமெல்லாம் வருது. அதச் சரி பண்ணிரு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் மரியராஜ். வெளியே, "சரிண்ணே" என்றார்.

ஆனால் வியாபாரிக்கு ஒரு வாக்கு வாக்குதான். போர்டு வைத்தாயிற்று, பொன்னாடையும் எடுத்தாயிற்று. மொத்தக் கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் சிம்மக்கல்லில் கிடையாது. ஆகவே, பொன்னாடைக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர் என்று அறுபத்து நான்கு பேர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கையை ஆட்ட வேண்டியது, பாட்டு மேடையோரத்து லேப்டாப்பிலிருந்து ஓட வேண்டியது என்று தீர்மானம் ஆயிற்று. கோயில் கோயிலாகக் கடன் கேட்டதில் பதினொரு வயலின் தேறியது. மீதியைக் கைத்தொழில் ஆசிரியர் பிளைவுட்டில் அறுத்துக் கொடுத்தார். செல்லோக்கள் தெர்மாகோல்.

அவர்களுக்குக் கையாட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருக்கு? மரியராஜுக்குத்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்களை நிஜம்போல் ஆக்க எட்டு மாதம் ஆனது. நிஜமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பொய்போல் தெரியாமல் ஆக்க மூன்றே வாரம் கொடுத்தார்கள். டிரில் மாஸ்டர் வில்லைப் பிடித்த பிடியில் பக்கத்து ஆளின் கண்ணாடி இரண்டு தடவை பறந்தது.

இந்தத் தடவை கண்ணுச்சாமியே பொறுப்பெடுத்துக் கொடுத்த அழைப்பிதழ் அச்சாகி வந்தது. மரியராஜ் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 'இசை: அறுபத்து நான்கு கலைஞர்கள்' என்று இருந்தது. அதற்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், 'ஒலி, ஒளி உதவி: மரியராஜ்'.

"கம்ப்யூட்டரப் போட்டு விடுறது ஒலிதானப்பா" என்றார் கண்ணுச்சாமி.

அன்றைக்கு மரியராஜ் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கவேயில்லை. கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஒளிக்குக்கூட அவர் உதவவில்லை என்பதுதான் அதில் ரொம்பவும் வலித்தது.

விழா மாலை ஆறு மணிக்கு. தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. தலைமை விருந்தினருக்கு உரிய மரியாதைப்படி அவர் ஏழு வரை வரவில்லை. கூட்டம் நெளிந்தது. "ஆரம்பிச்சிருவோம்" என்றார் சாமி. மேடையோரத் தட்டிக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மரியராஜ் பாட்டைத் தட்டிவிட்டார். இருபத்தாறு வயலின்களும் மெல்ல எழுந்தன. பிளைவுட் வில்கள் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. முன்வரிசையில் பாக்கியமேரி கழுத்தைச் சாய்த்து, பிறந்ததிலிருந்து அதே வேலையாக இருந்தவள் மாதிரி வாசித்தாள். மைதானம் வாயைப் பிளந்தது.

மூன்றாவது நிமிடத்தில் தலைமை விருந்தினர் வந்து சேர்ந்தார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும், பத்து நிமிடம்தான் இருக்க முடியும் என்றார். கண்ணுச்சாமிக்கு வேர்த்துவிட்டது. பெரிய மனுசர் கையால் போர்த்தாத பொன்னாடை வெறும் துணிதானே? பாட்டு முடிகிறவரை காத்திருந்தால் ஆள் போய்விடுவார். விருந்தினரின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி, "முதல் வயலின், திரு. டிரில் மாஸ்டர் அவர்கள்!" என்று மைக்கில் கூவினார்.

தமிழன் பொன்னாடையைக் கண்டால் உட்கார்ந்திருப்பானா? டிரில் மாஸ்டர் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைகூப்பிக் குனிந்தார். அவருடைய வயலின் அவரில்லாமலே உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவர். வரிசை வரிசையாகப் பொன்னாடையோடு கைகூப்பி நின்றார்கள். இசையோ குறைவதற்குப் பதிலாக உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது, ஏனென்றால் மரியராஜ் அங்கேதான் உச்சம் வைத்திருந்தார். கண்ணுச்சாமி விருந்தினரையும் துணியையும் கூட்டிக்கொண்டு பாக்கியமேரி முன்னால் வந்து நின்றபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பொறுங்கண்ணே, வாசிச்சு முடிச்சிக்கிறேன்" என்றாள்.

மைதானத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. தலைமை விருந்தினர் அதிகாரியாக இருந்தவர், கோப்பில் ஓட்டை இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். "அப்ப யாருதான் வாசிக்கிறது?" என்றார்.

கண்ணுச்சாமி அசரவில்லை. "நம்ம ஸ்கூலு கம்ப்யூட்டரு சார்!" என்று மைக்கில் அறிவித்து, தட்டியை விலக்கி, பக்கத்தில் இருந்த மரியராஜை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பொன்னாடையை விருந்தினர் கையில் கொடுத்தார். விருந்தினர் லேப்டாப்புக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோவுக்காக, துணியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தி நின்றார்.

ஏதோ ஒரு கட்டை அழுந்தி, பாட்டு நின்றுவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டமும் நின்றது. மூன்றாவது வரிசையிலிருந்து சத்துணவு சமைக்கிற சீனியம்மாள் எழுந்தாள். "ஏன் நிப்பாட்டினீக? நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு! மிச்சத்தப் போடுங்கய்யா!"

"ஆமா, போடுங்க!" என்று நாலு பக்கமும் குரல் வந்தது.

கண்ணுச்சாமி லேப்டாப்பைப் பார்த்தார். எதை அமுக்குவது என்று தெரியவில்லை. "மரியராஜு, போட்டு விடுப்பா" என்றார்.

மரியராஜ் பொன்னாடையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். விரலைக் கட்டையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலை ஊரறிய அவர் கையில் இருந்தது.

"யாரு போட்ட இசைன்னு மைக்குல சொல்லுங்கண்ணே. அப்புறம் போடுறேன்."

"என்னய்யா இது, ஆயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்காக..."

"பாக்கட்டும்ணே."

கண்ணுச்சாமி சாமியைப் பார்த்தார். சாமி மேகத்தைப் பார்த்தார். விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கண்ணுச்சாமி மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இந்த இசைய... பூராவும் போட்டது..." நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டார். "இனிஷியல் என்னப்பா?"

"எஸ்."

"எஸ். மரியராஜு. நம்ம ஸ்கூலு கிளார்க்கு. ஒத்த ஆளா உக்காந்து அறுபத்தி நாலு பேரு வேலையவும் பாத்திருக்காரு."

மரியராஜ் கட்டையை அழுத்தினார். மிச்சம் இரண்டு நிமிடம் இருந்தது. வில்லைக் கீழே போட்டவர்கள் எல்லாம் சும்மா நின்று கேட்டார்கள், பாக்கியமேரியும்தான். கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. கொம்புகள் நான்கும் எழும்பி, செல்லோக்கள் கீழே இறங்கி, எட்டு மாதம் அவர் வரைந்து வரைந்து அழித்த அந்த முடிவு மைதானம் முழுக்கப் பரவியது என்று பிறகு எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். அவர் காதில் அதில் ஒரு ஸ்வரம்கூட விழவில்லை. இனிஷியலோடு சொன்ன பேர்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.