ஈரம் பார்க்கும் கன்னம்

வடக்குச் சுவரில் இடது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள் மாடம்மாள். எண்ணி ஐந்து மூச்சு. பிறகு இரண்டடி தள்ளி மறுபடியும். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கின்றன. திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தச் சின்னச் சித்திரசாலைக்கு முதன்முறை வருகிறவர்கள், இந்த அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. "உள்ளங்கை பொய் சொல்லும் பாத்துக்கிடுங்க. காப்புக் காச்சுப்போன கையில்லா? கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியும்" என்பாள்.

ஊர் அருமனைப் பக்கம். இருப்பது ஆரியசாலையில், வாடகைக்கு ஒற்றை அறை. வயது ஐம்பத்து நாலு. பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த வேலை. மேலாளர் ஹரிநாராயணன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டும் உண்டு. ஆனால் வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் அவள்தான் அங்கே அதிகாரி. நனைந்த குடையோடு மந்திரியே வந்தாலும் வாசல் வாளியைக் காட்டுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இருபது பேருக்கு மேல் சேர்ந்தாற்போல் உள்ளே விடமாட்டாள். "பிள்ளையளுக்க மூச்சும் ஈரந்தானே சாரே." காற்றின் ஈரத்தைக் குடிக்க மூலைக்கு மூலை வைத்திருக்கும் நீல மணிகள் இளஞ்சிவப்பாகிப் போனால், பின்கட்டில் வாணலியில் போட்டு ரவை வறுப்பதுபோல் பக்குவமாக வறுத்து மறுபடியும் நீலமாக்குவாள். அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட்டுவிட முடியாது.

ஓவியங்களை மட்டும் அவள் தொடமாட்டாள். பதினோரு வருடமாகத் தொட்டதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். விளக்கேந்திய ஒரு சிறுமியின் எண்ணெய் ஓவியத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தோறும் சாமி படங்களை ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பது அவள் வீட்டு வழக்கம். அந்தக் கையோடு வந்தவள், பிள்ளை மங்கிக் கிடக்கிறதே என்ற பரிதாபத்தில் இதையும் துடைத்துவிட்டாள். சாமி படத்துக்குக் கண்ணாடி உண்டு, இதற்கு இல்லை. பூசணம் தின்று இளகியிருந்த வண்ணம் துணியோடு வந்துவிட்டது. போனது சிறுமியின் சுண்டுவிரல் நுனி.

யாரும் பார்க்கவில்லை. பல்லி மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவள் அந்தத் துணியை அப்படியே ஏந்திக்கொண்டு போய் ஹரிநாராயணன் மேசை முன்னால் அழுதுகொண்டு நின்றாள். வெளியூரிலிருந்து வந்த நிபுணரால் பூசணத்தை எடுக்க முடிந்தது, விரலை ஒட்ட முடியவில்லை. ஹரிநாராயணன் அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏசியிருந்தா மறந்திருப்பேன்" என்கிறாள். அன்றிலிருந்து, துடைப்பம் பிடிக்காத நேரமெல்லாம் கைகள் முதுகுக்குப் பின்னால்தான்.

இந்த வருட மழையில் கூரை ஒழுகி வடக்குச் சுவர் நனைந்துவிட்டது. அங்கே மாட்டியிருந்த அந்தச் சிறுமியின் படத்தைக் கழற்றி வைத்து, சுவரைக் காயவிட்டு வெள்ளையடித்தார்கள். மறுநாள் கண்காட்சித் திறப்பு. அழைப்பிதழில் அச்சாகியிருந்ததே அந்தச் சிறுமிதான். படம் மாட்டுகிற ஜெயனும் இன்னொரு ஆளும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாடம்மாள் சுவரில் கன்னத்தை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"சாரே, இப்பம் மாட்டண்டாம். உள்ள ஈரம் உண்டு."

"ஈரம் பாக்கற மீட்டர் நன்னாத்தானே காட்றது, மாடம்மா?" என்றார் ஹரிநாராயணன்.

"மீட்டரு எதிர்ச் செவருலல்லா கெடக்கு."

அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. "நாளைக்கு எல்லாரும் வரா. வெறும் சுவத்தைக் காட்டச் சொல்றயா?" குரல் உயர்ந்தது. அவளுடைய ஒப்பந்தக் காகிதம் அந்த வாரம்தான் அவர் மேசைக்கு வந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சுவரை விட்டு நகரவில்லை.

"ஒரு வெரல நான் தின்னுட்டேன். மிச்சத்தப் பூசணம் திங்கப்பிடாது சாரே. கன்னத்த வச்சுப் பாருங்க."

ஹரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு ஆட்கள் பார்த்திருக்க, சுவரில் கன்னத்தை வைத்தார். அவரும் ஐந்து மூச்சு நின்றார்.

"சில்லுனு இருக்கு. படத்தை உள்ளேயே கொண்டு போங்கோ" என்றார்.

சட்டம் நல்ல கனம், உள்ளறை வாசல் குறுகல். சாய்த்துத் திருப்பும்போது கீழ் மூலை சுவரில் இடிக்கப் பார்த்தது. "சேச்சி, அடியில ஒண்ணு பிடிக்கணே!" என்றான் ஜெயன்.

மாடம்மாள் ஹரிநாராயணனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்தாள். ஈரமே இல்லாத அந்தக் கைகளை முந்தானையில் ஒருமுறை துடைத்தாள். புறங்கை, உள்ளங்கை என்று திருப்பித் திருப்பி இன்னொரு முறையும் துடைத்தாள். பிறகு குனிந்து, சிறுமியின் விரலில்லாத பக்கத்து மூலையைப் பிடித்தாள்.