கேட்காமல் நீண்ட கை

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு கோடை. நாங்கள் குடியேறிய நகரின் கோட்-டெ-நெய்ஜ் பூங்காவில் மகள் பேஸ்பால் ஆடத் தொடங்கியிருந்தாள். எனக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. நான் கிரிக்கெட்டில் வளர்ந்தவன். அங்கே கத்திக் கேட்டால்தான் நடுவர் விரலை உயர்த்துவார்.

அன்று மகள் மூன்றாவது பேஸைத் தாண்டி, ஓட்டம் எடுக்க, கடைசித் தளமான ஹோமை நோக்கி ஓடினாள். பந்து இன்னும் தூரத்தில் கிடந்தது. எதிரணிப் பிள்ளை ஒருத்தி கையில் பந்தில்லாமல் அவள் பாதையை மறித்து நின்றாள். மகள் மோதி விழுந்தாள். எழுந்து ஓடிப் போய்ச் சேருவதற்குள் பந்து வந்துவிட்டது. அதைப் பிடித்தவள் மகளைத் தொட்டுவிட்டாள். அவுட் என்றே நினைத்தேன்.

கோபம் தலைக்கேறியது. கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணை, நீங்களும் கத்துங்கோ. கேக்காட்டி இவன் ஒண்டும் தரமாட்டான்" என்று நடுவரைக் காட்டிச் சொல்லிவிட்டு வேலியில் ஏறினேன்.

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பொறும். அந்தாளின்ர கையைப் பாரும்."

நடுவரின் இடக்கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. கையில் பந்தில்லாதவள் மறிப்பது பிழை, அதைக் கண்டுவிட்டேன் என்பதற்கான சைகையாம் அது; மகள் மோதிய கணத்திலேயே நீட்டிவிட்டாராம். ஆட்டத்தை அதன் போக்கில் முடியவிட்டு, பிறகு நிறுத்தி, மறிக்காமல் விட்டிருந்தால் அவள் ஹோமுக்கு வந்திருப்பாள் என்று ஓட்டத்தைக் கொடுத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஊரிலும் சரி, இங்கேயும் சரி, கேட்டுக் கேட்டே தொண்டை கட்டியவன் நான். வேலியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினேன்.